கேட்லியா பர்ப்புரேட்டா: டர்பன் வீட்டுத் தோட்டங்களிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்கும் பலருக்கும் முதல் செடி, பேரங்காடியில் பூவோடு வாங்கிய ஃபெலநாப்சிஸ். அது பூத்து முடிந்ததும் "அடுத்து என்ன வாங்கலாம்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் கேட்லியா பர்ப்புரேட்டா. தென் பிரேசிலின் கடலோரக் காட்டுச் செடி அது. சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், இசிப்பிங்கோ, வெருலம் பக்கத்து நண்பர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ படிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே ஆடி மாதம் குளிர், தை மாதம் கடும் கோடை.

இது லேலியாவா, கேட்லியாவா? செடியில் உள்ள சீட்டில் ஒரு பெயர், படத்தில் வேறு பெயர் இருக்கிறதே?

இரண்டும் ஒரே செடிதான். 1852-ல் லிண்ட்லியும் பாக்ஸ்டனும் இதற்கு லேலியா பர்ப்புரேட்டா என்று பெயர் வைத்தார்கள். பூவுக்குள் இருக்கும் மகரந்தத் திரள்கள் கேட்லியாவில் நான்கு, லேலியாவில் எட்டு. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அந்தக் காலத்தில் பிரித்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு, பிரேசில் நாட்டு லேலியாக்களுக்கு மெக்சிகோ லேலியாக்களைவிடக் கேட்லியாக்களே நெருங்கிய உறவு என்று தெரிந்தது. 2008-ல் பர்ப்புரேட்டா கேட்லியாவாயிற்று. பழைய வளர்ப்பாளர்கள் இன்னும் லேலியா என்றே சொல்வார்கள். வாங்கும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

அடையாளம் எளிது. உயரமான, நடுவில் பருத்த தண்டு, இதைப் பொய்க்குமிழ் என்பார்கள். அதன் உச்சியில் தடித்த ஒற்றை இலை. பூங்கொத்தில் மூன்று முதல் ஐந்து பூ. ஒவ்வொன்றும் 15 முதல் 20 சென்டிமீட்டர் அகலம். வெள்ளையோ இளஞ்சிவப்போ ஆன இதழ்களுக்கு நடுவே, உதடு எனப்படும் கீழிதழ் மட்டும் அடர்ந்த ஊதா; தொண்டைப் பகுதி மஞ்சள், அதில் ஊதா நரம்புகள்.

எத்தனையோ ஆர்க்கிட் இருக்க, டர்பனுக்கு இதையே ஏன் சொல்கிறீர்கள்?

உலக வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். டர்பன் தெற்கே ஏறக்குறைய 30 டிகிரியில் இருக்கிறது. இந்தச் செடியின் தாயகமான சாண்டா கட்டரினா மாநிலத்தின் தலைநகர் ஃப்ளோரியானோபோலிஸ் 27.6 டிகிரியில். இரண்டும் கண்டத்தின் கிழக்குக் கரையில். அங்கே கரையை ஒட்டிப் பிரேசில் நீரோட்டம் வெதுவெதுப்பான நீரைத் தெற்கே கொண்டுபோகிறது; இங்கே அகுல்லாஸ் நீரோட்டம் அதே வேலையைச் செய்கிறது. கோடையில் புழுக்கமும் மழையும், குளிர்காலத்தில் உறைபனி இல்லாத இதமான குளிர். டர்பனில் கோடைப் பகல் சுமார் 28 டிகிரி, ஜூலை இரவு சுமார் 11 டிகிரி. பர்ப்புரேட்டா கேட்பதும் அதையேதான்.

ஆர்க்கிட் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. கண்ணாடிக் கூடம், சூடேற்றும் கருவி, தெற்கு ஜன்னல், மே மாதப் பூ என்று அவர்கள் எழுதுவது அவர்களுடைய சிரமம். நாம் அதை அப்படியே பின்பற்றினால், செடி ஓய்வெடுக்கும் மாதத்தில் உரம் போட்டு, வேர் விடும் மாதத்தில் பட்டினி போடுவோம். நாம் பார்க்க வேண்டியது சாண்டா கட்டரினாவின் நாட்காட்டியை. அந்த மாநிலம் இந்தப் பூவை 1983-ல் தன் மாநிலப் பூவாகவே அறிவித்தது.

ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம். அங்கே குளிர்காலத்திலும் மழை உண்டு. நமக்கு ஜூன், ஜூலை கிட்டத்தட்ட வறட்சி. அந்தக் குறையை நாம் கையால் நிரப்ப வேண்டும்.

ஆண்டு முழுவதும் செடி என்ன செய்யும்? நமக்குத் தெரிந்த மாதக் கணக்கில் சொல்லுங்களேன்.

கார்த்திகையில் தொடங்குகிறேன், அதுதான் பூக்கும் மாதம். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை, கார்த்திகை தீபத்தை ஒட்டி, டர்பனில் பர்ப்புரேட்டா மலரும். பூ ஓரிரண்டு வாரம் நிற்கும். மார்கழியில் பூ உதிர்ந்ததும், தண்டுகளை இணைத்துக் கிடையாக ஓடும் அடித்தண்டின் முன்பக்கத்தில் புது வேர்களும் புது முளையும் எழும். தைப்பூசக் காவடி நாட்களில் வெயிலும் மழையும் உச்சத்தில் இருக்கும். செடி முழு வேகத்தில் வளர்வது அப்போதுதான். அதிகத் தண்ணீர், அதிக உரம் எல்லாம் தை, மாசி, பங்குனிக்கு உரியவை.

சித்திரை, வைகாசியில் புதுத் தண்டு முற்றிப் பருக்கும். இலைக்கும் தண்டுக்கும் நடுவில் தட்டையான பச்சை உறை ஒன்று எட்டிப் பார்க்கும். இனி வரும் பூ அதற்குள்தான். ஆனி, ஆடியில் செடி அசையாது, ஓய்வு. ஆவணியில் உறை பெரும்பாலும் காய்ந்து பழுப்பாகும். புரட்டாசி விரதம் நடக்கும் நாட்களில் உறைக்குள் மொட்டு அசையத் தொடங்கும். ஐப்பசியில் அது உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

செடிக்குச் செடி இரண்டு மூன்று வாரம் முன்பின் இருக்கும். வாங்கிய முதல் ஆண்டு இந்தக் கணக்குத் தப்பினாலும் கவலைப்பட வேண்டாம்.

உறை காய்ந்து போய்விட்டது. வெட்டி எறிந்துவிடலாமா?

தயவுசெய்து வெட்டாதீர்கள். எனக்கு வரும் கேள்விகளில் மிக அவசரமாகப் பதில் சொல்வது இதற்குத்தான். மற்றச் சில கேட்லியாக்களில் உறை காய்ந்தால் நம்பிக்கை குறைவு. பர்ப்புரேட்டாவில் காய்ந்த உறையிலிருந்து பூ வருவது வழக்கம்.

காய்ந்த உறை வெங்காயச் சருகு போல மெல்லியதாக இருக்கும். இருட்டிய பிறகு அதன் பின்னால் கைபேசி விளக்கைப் பிடித்துப் பாருங்கள். அடிப்பகுதியில், உறை தண்டோடு சேரும் இடத்தில், அரிசியளவு கருநிழல் ஒன்றோ இரண்டோ நின்றால் அதுதான் மொட்டு. செப்டம்பரில் அடியிலேயே இருக்கும் நிழல் அக்டோபரில் பாதி உயரத்துக்கு ஏறியிருக்கும். நிழல் நீண்டு ஒருபக்கம் சாய்ந்திருந்தால் மொட்டு மடிந்து சிக்கியிருக்கிறது என்று பொருள். அப்போது உறையின் நுனியைச் சுத்தமான பிளேடால் மெல்லக் கீறி வழிவிடலாம். உறைக்குள் நீர்த்துளி கோர்த்திருந்தாலும் நுனியைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் மொட்டு உள்ளேயே கறுத்து அழுகும்.

செடி நன்றாகத்தான் இருக்கிறது, பூ மட்டும் வரவில்லை. என்ன குறை?

பத்தில் எட்டு வீட்டில் வெளிச்சக் குறைவுதான் என்று செடியைப் பார்த்ததுமே சொல்லிவிட முடிகிறது. கரும்பச்சை இலை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது நிழலில் வாடும் செடியின் நிறம். நல்ல வெளிச்சத்தில் உள்ள பர்ப்புரேட்டாவின் இலை சற்று மஞ்சள் கலந்த இளம்பச்சை. தண்டுகள் ஒல்லியாக நீண்டு சாய்ந்தாலும் வெளிச்சம் போதவில்லை.

மற்றக் காரணங்கள்: செடி இன்னும் சிறியது, போன ஆண்டு பிரித்த அதிர்ச்சி தீரவில்லை, அல்லது இரவு முழுக்க எரியும் வராந்தா விளக்கின் அடியில் வைத்திருக்கிறீர்கள். இருட்டு இருட்டாக இருக்கட்டும்.

எந்தப் பக்கம் வைப்பது? எவ்வளவு வெயில்?

நம் நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாக நகர்கிறது. ஆகவே வடக்கு அல்லது வடகிழக்குப் பார்த்த இடமே நல்ல இடம். தெற்குச் சுவரோரம் குளிர்காலத்தில் வெயிலே படாது. வடகோளத்துப் புத்தகங்களில் தெற்கு என்று வரும் இடத்தில் எல்லாம் வடக்கு என்று படியுங்கள்.

காலை வெயில் நேராகப் படலாம். பத்து மணிக்கு மேல் 40 சதவீத நிழல்வலை போதும். கடைக்காரர் 80 சதவீத வலையைக் கொடுத்தால் வாங்க வேண்டாம், அது பெரணிக்கு. நண்பகலில் இலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, சூடு தவறு. காற்று ஓடினால் கூடுதல் வெயிலைச் செடி தாங்கும். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்கு மாற்றினால் இலை வெந்து வெள்ளைத் திட்டு விழும். அது ஆறாது, அந்த இலை இருக்கும்வரை இருக்கும்.

தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை?

நாள் கணக்கு வைக்காமல் வேரைப் பாருங்கள். ஆர்க்கிட் வேரைச் சுற்றிப் பஞ்சுத்தன்மையுள்ள படலம் ஒன்று உண்டு. காய்ந்தால் வெள்ளி நிறம். நனைந்தால் சில நொடிகளில் பச்சைக்கு மாறும். மரக்காட்டில் மழை பெய்து, காற்று உலர்த்தி, மீண்டும் மழை பெய்யும். அந்த மாற்றத்துக்கென்றே அமைந்த வேர் அது. எப்போதும் ஈரத்தில் நின்றால் படலம் அழுகி, உள்ளே உள்ள நரம்பு மட்டும் நூலாக மிஞ்சும்.

சட்டியைக் கையில் தூக்கிக் கனத்தைப் பழகிக்கொள்ளுங்கள். லேசாகிவிட்டால் ஊற்றலாம். ஊற்றும்போது அடித்துளை வழியாக ஓடும் அளவுக்கு ஊற்றுங்கள், காலையில் ஊற்றுங்கள். கோடையில் மழை இல்லாத வாரத்தில் இரண்டு மூன்று முறை தேவைப்படும். ஆனி, ஆடியில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை. குளிர்காலத்தில் சொட்டுத் தண்ணீர்கூடக் காட்டாதே என்று சிலர் சொல்வது வேறு கேட்லியாக்களுக்குப் பொருந்தலாம், பர்ப்புரேட்டாவுக்குப் பொருந்தாது. தண்டுகளில் ஆழமான சுருக்கம் விழும்வரை காயப்போட்டால் உள்ளே உள்ள மொட்டுதான் முதலில் பலியாகும்.

மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, கொசு வராமல் வலை கட்டி வையுங்கள். ஜனவரியில் நாள்கணக்கில் அடைமழை பிடிக்கும்போது மட்டும் செடிகளைத் தாழ்வாரத்தின் அடியில் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள்.

பெர்க் காற்று அடிக்கும்போது மொட்டு மஞ்சளாகி விழுகிறது. தடுக்க வழி உண்டா?

ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும் அந்தச் சூட்டுக்காற்று, ஒரே பகலில் காற்றின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும். அதன் பின்னாலேயே குளிர்ந்த காற்றுத் திரள் ஒன்று வந்து வெப்பம் சட்டென்று விழும். மொட்டு வைத்த செடிக்கு இந்த இரண்டும் அடுத்தடுத்து வருவது கடினம். வானிலை அறிவிப்பில் பெர்க் காற்று என்று கேட்டதும் அன்று காலையிலேயே செடிக்கு நன்றாகத் தண்ணீர் காட்டுங்கள், தரையையும் நனைத்துவிடுங்கள், வடமேற்குப் பக்கத்தில் ஒரு வலையோ பழைய பாயோ மறைப்பாகக் கட்டுங்கள். நண்பகலில் இலைமேல் தெளிப்பதைவிடத் தரையை நனைப்பது பலன் தரும்.

எந்தச் சட்டி, என்ன கலவை?

மண் கூடாது. தோட்டமண் ஒரு பிடி கலந்தாலும் வேர் மூச்சடைக்கும். நம் மாகாணமான குவாசுலு-நேட்டாலில் பைன் தோட்டங்கள் நிறைய இருப்பதால் பைன் பட்டைத் துண்டு எளிதாகக் கிடைக்கிறது. ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் துண்டாகப் பாருங்கள். சலித்துத் தூளை நீக்கி, ஒருநாள் ஊறவைத்து, கால் பங்கு மரக்கரித் துண்டு சேருங்கள். தேங்காய் மட்டைத் துண்டும் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு இருக்கும்; மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள்.

நம் ஈரக்காற்றுக்கு மண்சட்டியே சிறந்தது. பக்கவாட்டிலும் துளை உள்ளது இன்னும் நல்லது. பர்ப்புரேட்டா உயரமாக வளர்ந்து தலைகனத்துச் சாயும். பிளாஸ்டிக் சட்டி காற்றுக்குக் கவிழும்.

மரத்தில் கட்டி வளர்க்கலாமா?

கடலோரத்தில் தாராளமாக. அது அதன் இயல்பான வாழ்க்கை. பட்டை உரியாத, சொரசொரப்பான மரம் வேண்டும். மாமரம் நன்று. கோயில்களிலும் வீட்டு முற்றங்களிலும் நிற்கும் ஈழத்தலரி இன்னும் நன்று: கோடையில் இலையால் நிழல் தரும், குளிர்காலத்தில் இலையை உதிர்த்துச் செடிக்கு வெயிலை விடும். யூகலிப்டஸ் பட்டையை உரித்துக்கொண்டே இருப்பதால் ஆகாது. முருங்கை வேண்டாம், கிளை முறியும்.

புது வேர் எழும் மார்கழியில் கட்டுங்கள். மழை நாட்கள் தொடர்வதால் வேர் தானே பற்றிக்கொள்ளும். பழைய காலுறையைக் கீறி நாடாவாக்கிக் கட்டினால் தண்டு அறுபடாது. கம்பி வேண்டாம். செடி அசையாமல் நிற்க வேண்டும்; ஆடிக்கொண்டிருந்தால் வேர் நுனி உராய்ந்து கருகும்.

சட்டி மாற்றுவதும் பிரிப்பதும் எப்போது?

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பூ முடிந்ததும். நேரத்தைச் செடியே காட்டும்: முன்தண்டின் அடியில் பளிச்சென்ற பச்சை நுனியோடு வேர் எழும். அது ஒரு சென்டிமீட்டர் நீளம் வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். நீண்ட வேர் சுலபமாக முறியும், முறிந்த இடத்திலிருந்து கிளைவிட நாளாகும். குளிர்காலத்தில் சட்டி மாற்றினால் புது வேர் இல்லாமல் செடி மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

பிரிப்பதானால் ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு தண்டு இருக்கட்டும். பின்பக்கத் தண்டு சட்டியின் ஓரத்தில், முளை நடுவைப் பார்க்க, அடித்தண்டு கலவையின் மேல் தெரியும்படி வையுங்கள். குச்சி ஊன்றிக் கட்டுங்கள். நான்கைந்து நாள் தண்ணீர் ஊற்றாமல் தெளிப்பு மட்டும்.

கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு செடியை வெட்டிய கத்தியால் அப்படியே அடுத்த செடியைத் தொடக்கூடாது. சிம்பிடியம் மொசைக் போன்ற வைரஸ்கள் சாற்றின் வழியே பரவும், அவற்றுக்கு மருந்து இல்லை. தீயில் சிவக்கக் காட்டுங்கள் அல்லது செடிக்கொரு புது பிளேடு எடுங்கள்.

உரம்?

வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை, பொட்டலத்தில் சொன்ன அளவில் நான்கில் ஒரு பங்கு. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் கலவையைக் கழுவுங்கள். ஆனி, ஆடியில் நிறுத்திவிடலாம். மாட்டுச்சாணம் சட்டிக்குள் வேண்டாம், கலவையைச் சீக்கிரம் மக்கவைத்து அடைத்துவிடும்.

தண்டில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. மொட்டில் எறும்பும் இருக்கிறது.

எறும்பைப் பார்த்ததும் மருந்தடிக்க ஓடாதீர்கள். மொட்டு தானே தேன்துளி சுரக்கும், எறும்பு அதற்காகவும் வரும். இலைக்கடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வெள்ளைப் பஞ்சு பெரும்பாலும் செதில்பூச்சி. தண்டைச் சுற்றிய காய்ந்த தோலுக்கு அடியில்தான் அது குடியிருக்கும். தோலை மெதுவாக உரித்து எடுங்கள், சோப்புத் தண்ணீரில் நனைத்த மென்மையான பல்துலக்கியால் தேயுங்கள், இடுக்குகளில் மட்டும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வெயிலில் வைத்துச் செய்ய வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மீண்டும் செய்தால்தான் முட்டையிலிருந்து வந்தவை போகும்.

கோடை மழையில் புது முளை கறுத்துக் குழைந்தால் அது கரும் அழுகல், ஒரே இரவில் கீழே இறங்கும். நல்ல திசு தெரியும்வரை வெட்டி, வெட்டிய இடத்தில் இலவங்கப்பட்டைத் தூள் பூசி, இரண்டு வாரம் நனையாமல் வையுங்கள். தூள் வேரில் படக்கூடாது, வேரைக் காயவைத்துவிடும்.

குரங்கு பூவைத் தின்றுவிடுகிறது!

டர்பன் புறநகரில் இது பெரிய கவலைதான். வெர்வெட் குரங்குகளுக்கு மொட்டு மிகப் பிடித்த தீனி. கூண்டு வலைதான் ஒரே நம்பகமான வழி. மொட்டு வெளிவரும் ஐப்பசியிலிருந்து பூ முடியும்வரை மட்டும் செடியை வலைக்குள் வைத்தாலும் போதும். அவற்றை அடிப்பதோ விஷம் வைப்பதோ கூடாது. அவை நமக்கு முன்பிருந்தே இந்தக் காட்டில் இருப்பவை.

பூவைச் சாமிக்கு வைக்கலாமா?

வைக்கலாம். பர்ப்புரேட்டாவில் நல்ல மணமும் உண்டு. மலர்ந்து இரண்டு மூன்று நாள் கழித்துப் பறித்தால் இதழ் கெட்டியாக இருக்கும், தண்ணீரில் வைத்தால் பல நாள் நிற்கும். கொத்தோடு வெட்டாமல் ஒரு பூவை மட்டும் எடுத்து, மற்றதைச் செடியில் விட்டுவிடுவது என் வழக்கம்.

வேறு நிறங்கள் உண்டா?

ஏராளம். முழு வெள்ளையான ஆல்பா, வெளிறிய மாம்ச நிற உதடுள்ள கார்னியா, சாம்பல்நீல உதடுள்ள வெர்க்ஹவுசரி, இதழ்களிலும் ஊதா தீற்றிய ஃபிளாமியா. பிரேசிலில் இவற்றுக்கென்றே வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். முதல் செடியாகச் சாதாரண நிறத்தையே எடுங்கள். அந்த ஊதா உதட்டைப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போகலாம். நேரில் பல ஆர்க்கிடுகளைப் பார்க்க விரும்பினால் 1849-ல் தொடங்கிய டர்பன் தாவரவியல் பூங்காவில் உள்ள எர்னஸ்ட் தோர்ப் ஆர்க்கிட் கூடத்துக்குப் போய்வாருங்கள்.

ஜோஹன்னஸ்பர்கில் உள்ள மகளுக்கு ஒரு துண்டு கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் வெளியே விட முடியாது. அங்கே குளிர்கால இரவில் உறைபனி, கோடையில் ஆலங்கட்டி. மே முதல் ஆகஸ்ட் வரை வடக்கு ஜன்னலோரம் வீட்டுக்குள், இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமல். பீட்டர்மாரிட்ஸ்பர்கின் தாழ்வான பகுதிகளிலும் சில இரவுகளில் உறைபனி விழும், கூரைக்கடியில் வைக்கச் சொல்லுங்கள்.

பிரேசிலிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ செடி கொண்டுவரலாமா?

பெட்டியில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. எல்லா ஆர்க்கிடுகளும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை; ஏற்றுமதி அனுமதி, தாவர நலச் சான்றிதழ், நம் நாட்டு இறக்குமதி அனுமதி மூன்றும் வேண்டும். இந்தச் செடி வாழும் அட்லாண்டிக் காட்டின் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்துவிட்டது; மிஞ்சியதிலிருந்தும் தோட்டங்களுக்காக நிறையப் பிடுங்கிவிட்டார்கள். காட்டிலிருந்து எடுத்த செடி என்று யாராவது பெருமையாக விற்றால் வாங்காதீர்கள். நம் ஊர்க் காட்டில் உள்ள சிறுத்தை ஆர்க்கிடுக்கும் அதே நியாயம்.

உள்நாட்டு நாற்றுப் பண்ணைகளிலும் ஆர்க்கிட் கண்காட்சிகளிலும் விதையிலிருந்து வளர்த்த செடி கிடைக்கும். கண்ணாடிக் குடுவையில் முளைக்கவைத்த சிறு நாற்று மலிவு, ஆனால் பூக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். அவசரம் இருந்தால் பூத்த செடியின் துண்டை வாங்குங்கள். வாங்கும்போது இலையைப் பார்ப்பதற்கு முன் சட்டியை லேசாக ஆட்டிப் பாருங்கள்: செடி அசையாமல் நின்றால் வேர் இருக்கிறது, கடகடவென்று ஆடினால் வேறு சட்டியை எடுங்கள்.